நரம்பு மாற்றிக் கட்டிய செபமாலை

மாலை மணி அடித்ததும் பாய் விரித்து, விளக்கேற்றி, குடும்பத்தோடு முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வது நம் மூதாதையர் நமக்கு விட்டுச் சென்ற வழக்கம். விரல்களிடையே மணிகள் நகர்கின்றன. வாய் அருள் நிறைந்த மந்திரத்தைச் சொல்கிறது. மனமோ நம் மீட்பரின் வாழ்வையும் பாடுகளையும் மகிமையையும் ஒவ்வொன்றாகத் தியானிக்கிறது.

இதே செபமாலையை, சொல் ஒன்றும் இல்லாமல், ஒரு வயலினைக் கொண்டே சொல்லிய இசைவாணர் ஒருவர் 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் இயற்றிய செபமாலை இசை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்து ஏட்டுக்குள் உறங்கிக் கிடந்தது. ஏட்டை அச்சிட்ட பிறகும் அது முழுமையாக விழித்துக்கொள்ளவில்லை. வழக்கொழிந்து போயிருந்த பழைய வாத்தியங்கள் திரும்பி வந்த பின்னரே அதன் உண்மையான குரல் உலகின் காதில் விழுந்தது. யூபிலி ஆண்டில் பழமையைப் பற்றியும் புதுமையைப் பற்றியும் நாம் அதிகமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆகவே இந்த வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் மக்களுக்குச் சொல்வது பொருத்தமெனக் கருதினோம்.

சால்ஸ்பர்க் நகரின் வயலின் மேதை

அவர் பெயர் ஹைன்ரிக் இக்னாஸ் பிரான்ஸ் பீபர். போஹேமிய நாட்டிலே, இன்றைய செக் குடியரசின் வடபகுதியிலுள்ள வார்ட்டன்பர்க் என்னும் சிற்றூரில், 1644-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ம் நாள் திருமுழுக்குப் பெற்றார். இளமையிலேயே வயலினில் கைதேர்ந்தவராகி, ஓலமூட்ஸ் மறைமாவட்ட ஆயர் கார்ல் லிக்டன்ஸ்டைன் அவர்களின் அரண்மனைக் குழுவில் சேர்ந்தார். அக்காலத்தில் ஆயர்கள் பலர் ஆட்சி அதிகாரமும் உடையவர்கள். கோவிலுக்கும் அரண்மனைக்கும் என இசைக் குழுக்களை வைத்துப் பேணி வந்தார்கள்.

1670-ம் ஆண்டில் ஆயர் அவரை ஆஸ்திரியாவிலுள்ள அப்சாம் என்னும் ஊருக்கு அனுப்பினார். அங்கே வாழ்ந்த யாக்கோப் ஸ்டைனர் என்பவர் அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த வயலின் தச்சர்களுள் ஒருவர். அவரிடமிருந்து வாத்தியங்கள் வாங்கி வர வேண்டுமென்பது கட்டளை. போன மனிதர் திரும்பி வரவில்லை! வழியிலே சால்ஸ்பர்க் பேராயர் மாக்ஸ் காண்டால்ஃப் அவர்களிடம் பணியில் அமர்ந்துவிட்டார். பழைய எசமானருக்கு வருத்தந்தான். ஆயினும் பேராயர் தம் நண்பர் என்பதால் அவர் பிரச்சினையைப் பெரிதாக்கவில்லை. 1676-ல் தான் முறைப்படி விடுதலை அளித்தார். பீபரும் நன்றி மறவாமல் தம் படைப்புகள் சிலவற்றை அவருக்கு அனுப்பி வந்தார்.

சால்ஸ்பர்க்கில் பீபர் 1679-ல் துணை இசைத் தலைவராகவும், 1684-ல் இசைத் தலைவராகவும் உயர்ந்தார். 1690-ல் பேரரசர் முதலாம் லியோபோல்டு அவருக்குப் பிரபு பட்டம் வழங்கினார். 1704-ம் ஆண்டு மே 3-ம் நாள் அந்நகரிலேயே கண் மூடினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மொசார்ட்டின் தந்தை லியோபோல்டு மொசார்ட் பணியாற்றியதும் இதே பேராயர் அரண்மனைக் குழுவில்தான்.

ஏட்டிலே பதினாறு படங்கள்

1670-களில் பீபர் தம் பேராயருக்குச் சமர்ப்பணமாக ஓர் இசை ஏட்டை அளித்தார். இன்று அது ஜெர்மனியின் மூனிக் நகரில் பவேரிய அரசு நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதன் தலைப்புத் தாள் காணாமற் போய்விட்டது. எனவே நூலுக்கு ஆசிரியர் இட்ட பெயரே இன்று நமக்கு இல்லை. ‘செபமாலை சொனாட்டாக்கள்’ என்றும் ‘தேவ இரகசிய சொனாட்டாக்கள்’ என்றும் இக்காலத்தவர் அழைக்கின்றனர். பாடுவதற்கென்று இல்லாமல் வாத்தியத்தில் வாசிப்பதற்கென்று இயற்றப்பட்ட உருப்படியே சொனாட்டா ஆகும்.

பதினைந்து தேவ இரகசியங்களுக்குப் பதினைந்து சொனாட்டாக்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அந்த இரகசியத்தைக் காட்டும் சிறிய செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒட்டப்பட்டுள்ளது. சம்மனசு மங்கள வார்த்தை சொன்னது முதல் தேவதாய் முடிசூட்டப்பட்டது வரை படங்கள் தொடர்கின்றன. பதினாறாவதாக, துணை ஏதுமின்றி வயலின் தனித்து வாசிக்கும் ஓர் உருப்படி வருகிறது. அதன் தலைப்பில், காவல் சம்மனசு ஒரு குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பேனா ஓவியம் இருக்கிறது.

செபமாலைக்கு இருபது மறையுண்மைகள் ஆயிற்றே, ஒளியின் மறையுண்மைகள் எங்கே என்று நம் இளைஞர்கள் கேட்கலாம். அவை திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2002-ம் ஆண்டு அக்டோபரில் சேர்த்துத் தந்தவை. பீபர் காலத்தில் சந்தோஷம், துக்கம், மகிமை என மூவைந்து பதினைந்தே.

சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பேரவை மண்டபத்தில் இந்தப் பதினைந்து இரகசியங்களும் ஓவியங்களாக இடம்பெற்றிருந்தன. செபமாலைச் சபையார் அங்கே கூடி, படத்துக்குப் படம் தியானம் செய்தபோது இந்த இசை வாசிக்கப்பட்டிருக்கலாம் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும் பெரிய கூட்டத்தின் கைதட்டலுக்காக எழுந்த இசை அன்று இது. வயலின் ஒருவர், அடித்தள இசை வாசிப்போர் ஓரிருவர், கண் மூடித் தியானிக்கும் சிலர் இருந்தால் போதும். இப்படி ஓர் அறைக்குள் அடங்கும் சிறு குழு இசையை மேலைநாட்டார் ‘சேம்பர் மியூசிக்’, அதாவது அறை இசை என்பர்.

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள காலத்து ஐரோப்பியக் கலையை ‘பரோக்’ என்று குறிப்பது வழக்கம். கோணலான முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்ததென்பர். உருண்டை முத்துக்கே மதிப்பு என்றிருந்தவர்கள் ஏளனமாக இட்ட பெயர் அது. இன்று அந்தக் கோணல் முத்தையே உலகம் தேடி அலைகிறது!

நான்கு தந்தி, பதினைந்து சுருதி

இந்த ஏட்டின் பெரிய புதுமையை இனிச் சொல்வோம். வயலினுக்கு நான்கு தந்திகள் என்பது நாம் அறிந்ததே. மேலைநாட்டு முறையில் அவற்றை ஜி, டி, ஏ, இ என்று சுருதி கூட்டுவர். ஒவ்வொரு தந்தியும் அதற்குக் கீழுள்ள தந்திக்குப் பஞ்சமமாக நிற்கும். பீபர் முதல் சொனாட்டாவையும் கடைசித் தனி உருப்படியையும் மட்டுமே இந்த வழக்கமான சுருதியில் அமைத்தார். மற்றப் பதினான்குக்கும் பதினான்கு விதமாகத் தந்திகளை முறுக்கியும் தளர்த்தியும் கூட்ட வேண்டும். ஆக மொத்தம் பதினைந்து சுருதிகள். நான்கு தந்திகளைப் பதினைந்து வகையாகக் கூட்டியதைத் தம் சமர்ப்பண உரையில் அவரே குறிப்பிடுகிறார்.

நம் தமிழ் மக்களுக்கு இது முற்றிலும் அந்நியமன்று. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் முதலியோரால் வயலின் கர்நாடக இசைக்கு வந்தபோது, நம்மவர் அதன் மேலைநாட்டுச் சுருதியை அப்படியே ஏற்கவில்லை. ஸ, ப, ஸ, ப என்று நம் இசைக்கு ஏற்றவாறு மாற்றிக் கூட்டிக்கொண்டனர். பீபரின் இரண்டாம் சொனாட்டாவிலே தந்திகள் ஏ, இ, ஏ, இ என நிற்கின்றன. நம் முறையில் சொன்னால் இதுவும் ஸ, ப, ஸ, ப தான்! தேவதாய் எலிசபெத்தம்மாளைச் சந்தித்த இரகசியத்துக்கு உரிய சொனாட்டா அது. இரு தாய்மார் சந்தித்த காட்சிக்கு அவர் தேர்ந்த சுருதியில் இரு ஸட்சமமும் இரு பஞ்சமமும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன.

துக்க தேவ இரகசியங்களுக்கு வரும்போது வாத்தியமே துன்புறத் தொடங்குகிறது. பூங்காவனத்தில் ஆண்டவர் இரத்த வேர்வை வேர்த்த ஆறாம் சொனாட்டாவில் கீழ்த் தந்திகள் இரண்டும் சற்றே ஏற்றப்படுகின்றன. மேல் தந்திகள் இரண்டும் ஒரு முழுச் சுரம் இறக்கப்படுகின்றன. அதனால் ஒளி மங்கி ஓசை கம்முகிறது. கற்றூணில் கட்டுண்டு அடிபட்ட ஏழாம் சொனாட்டாவிலும், முள்முடி சூட்டப்பட்ட எட்டாம் சொனாட்டாவிலும் நான்கு தந்திகளும் ஒரே ஸ்தாயிக்குள் நெருக்கி அடைக்கப்படுகின்றன. முள்முடிச் சொனாட்டாவில் அடித் தந்தியை ஜி-யிலிருந்து டி வரை, அதாவது ஒரு பஞ்சமம் மேலே முறுக்க வேண்டும். தந்தி அறுந்துவிடுமோ என்று வாசிப்பவர் அஞ்சும் அளவுக்கு இழுவிசை ஏறும். மேல் தந்தியோ தளர்ந்து கிடக்கும். கட்டி முறுக்கப்பட்ட அந்தப் பெட்டியிலிருந்து எழும் குரல் நெரிந்த குரலாகவே எழும். பாடுகளைப் பற்றி அந்த வயலின் பேசுகிறது என்பதைவிட, பாடுகளில் அதுவும் பங்கு கொள்கிறது எனலாம்.

பதினோராம் சொனாட்டா ஆண்டவரின் உயிர்ப்பு. இங்கே பீபர் செய்தது வேறெங்கும் காணக் கிடைக்காதது. நடுவிலுள்ள இரண்டு தந்திகளையும் கழற்றி இடம் மாற்றிக் கட்டச் சொல்கிறார். அவை முறுக்காணிகளின் பக்கம் ஒரு முறையும், குதிரைக்குப் பின்னால் ஒரு முறையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. வயலினைக் கையிலெடுத்துப் பார்த்தால் இரண்டு இடங்களில் சிலுவை அடையாளம் தெரியும்! அந்தச் சிலுவைகளுக்கு இடையே நீண்டு கிடக்கும் தந்திகளில், கிறிஸ்து இன்று உயிர்த்தார் எனப் பொருள்படும் பழைய உயிர்ப்பு விழாப் பாடலின் மெட்டு எழுகிறது. சிலுவையைக் கடந்தே உயிர்ப்பு என்னும் மறைபொருளை அவர் மரத்திலும் நரம்பிலும் எழுதி வைத்தார்.

பன்னிரண்டாவது ஆண்டவரின் பரலோக ஆரோகணம். அங்கே தந்திகள் சி, இ, ஜி, சி என எக்காளத்தின் சுரங்களாக நிற்கின்றன. வயலின் எக்காளமாக முழங்குகிறது. பதினாறாம் உருப்படியிலோ இறங்குமுகமான நான்கு சுரங்கள் அறுபத்தைந்து முறை திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் மேலே புதிது புதிதாகக் கற்பனைகள் பூக்கின்றன. மாறாத அந்த நான்கு சுரங்கள் குழந்தையின் கையை விடாத காவல் சம்மனசின் பிடியைப் போன்றவை.

இன்னொன்றையும் நம் இசைக் குழுவினர் அறிய வேண்டும். இந்த ஏட்டில் எழுதியுள்ள சுரங்கள் காதில் விழும் சுரங்கள் அல்ல. விரல் எங்கே வைக்க வேண்டும் என்பதையே அவை காட்டுகின்றன. வழக்கமான சுருதியில் கூட்டிய வயலினிலோ, ஆர்கனிலோ அந்த ஏட்டைப் பார்த்து வாசித்தால் பொருளற்ற பிதற்றலே கேட்கும். தந்தியை ஆசிரியர் சொன்னபடி மாற்றிக் கட்டியவனுக்கு மட்டுமே அது இசையாகும். 1905-ம் ஆண்டில் வியன்னாவில் ஆஸ்திரிய இசைச் செல்வங்கள் என்னும் வரிசையில் இந்நூல் அச்சேறியது. எனினும் அச்சில் வந்த அளவில் அதன் உயிர் வெளிப்படாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாத்தியங்கள் மாறிய கதை

மற்றொரு காரணம் வயலினே மாறிப்போயிருந்தது. பீபர் வாசித்த வயலினுக்கு ஆட்டுக் குடலில் திரித்த நரம்புகளே தந்திகள். தந்தியை நரம்பு என்று நம் தமிழ்ப் பெரியோர் சொல்வது அங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. வயலினின் கழுத்து இன்றுள்ளதைவிடக் குட்டையானது. பின்னோக்கி அதிகம் சாயாதது. உள்ளே மேற்பலகையைத் தாங்கும் மரச் சட்டம் மெல்லியது. மோவாயைத் தாங்கும் கட்டை இல்லை. அது 1820-ம் ஆண்டையொட்டி லூயி ஸ்போர் என்பவர் புகுத்தியது. வில்லோ குறுகியது, இலேசானது, வெளிப்புறம் வளைந்தது.

18-ம் நூற்றாண்டின் இறுதியில் காலம் மாறிற்று. இசை அரண்மனை அறைகளிலிருந்து பெரிய மண்டபங்களுக்குப் போயிற்று. ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டுமானால் ஓசை பெருக வேண்டுமே! பாரிஸ் நகரத்து பிரான்சுவா டூர்ட் நீண்ட, உட்புறம் வளைந்த புதிய வில்லை நிலைநாட்டினார். ஸ்டைனர், ஸ்டிராடிவாரி போன்ற மேதைகள் செய்த வயலின்களையும் விட்டுவைக்கவில்லை. அவற்றைத் திறந்து, பழைய கழுத்தை அகற்றி நீண்ட கழுத்தைப் பொருத்தி, உட்சட்டத்தைத் தடிப்பாக்கிச் சீர்திருத்தினார்கள். ஸ்டிராடிவாரி வயலின்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த அறுவைச் சிகிச்சைக்கு ஆளானவை. 20-ம் நூற்றாண்டில் குடல் நரம்பின் இடத்தை எஃகுத் தந்தி பிடித்தது.

மற்ற வாத்தியங்களின் கதி இதனினும் துயரமானது. கட்டைகளை அழுத்தினால் பறவை இறகின் தண்டு தந்தியைச் சுண்டும் ஹார்ப்சிகார்டு என்னும் வாத்தியம் பியானோவுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. நம் வீணையைப் போல மெட்டுக்கள் கொண்டு, கால்களிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் வயோலா ட காம்பா, செல்லோவின் முழக்கத்தின் முன் மறைந்தது. ஆள் உயரத்துக்கு நீண்ட கழுத்துடைய தியார்போ என்னும் பெரிய லூட் வாத்தியம் பொருட்காட்சிச் சாலைக்குப் போயிற்று. பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்களிடமிருந்து பறிமுதலான ஹார்ப்சிகார்டுகள் பாரிஸ் இசைக் கல்லூரியில் குளிர்காலத்து விறகாக எரிக்கப்பட்டன என்றும் சொல்வதுண்டு.

இம்மாற்றங்களைச் செய்தவர்களை நாம் பழிக்கவில்லை. அவரவர் காலத்துத் தேவைக்கு அவரவர் செய்தார்கள். பெத்தோவனின் சிம்பனியைப் பெரிய மண்டபத்தில் கேட்பவர் அந்தப் புதிய வாத்தியங்களுக்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆனால் புதியது வந்தபோது, பழையது என்பது குறைபாடுள்ள புதியது என்று எண்ணிவிட்டார்கள். பழைய வயலினுக்கென்று ஒரு மொழி உண்டு, அந்த மொழியில் மட்டுமே சொல்லக்கூடிய செய்திகள் உண்டு என்பதை மறந்தார்கள்.

பழைய வாத்தியங்கள் திரும்பிய கதை

மறந்ததை நினைவூட்ட முதலில் எழுந்தவர்களுள் ஒருவர் அர்னால்டு டால்மெட்ஷ் (1858–1940). பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். நூலகத்தில் பழைய ஏடுகளைத் தேடிப் படித்தார். அவற்றை வாசிக்க வாத்தியம் இல்லையே என்று தாமே தச்சராகி லூட்டும் ஹார்ப்சிகார்டும் செய்தார். 1915-ல் 17, 18-ம் நூற்றாண்டு இசையை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பது பற்றி நூல் எழுதினார். 1925-ல் ஹாசல்மியர் என்னும் ஊரில் பழைய இசைக்கென ஆண்டு விழாவைத் தொடங்கினார். போலந்து நாட்டுப் பெண்மணி வாண்டா லாண்டவ்ஸ்கா (1879–1959) ஹார்ப்சிகார்டைக் கச்சேரி மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். 1933-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பழைய இசைக்கென்றே ஒரு கல்விக்கூடம் தோன்றியது.

போருக்குப் பின் வியன்னாவில் நடந்தது நம் கவனத்துக்குரியது. நிக்கோலாஸ் ஹார்னன்கூர்ட் (1929–2016) அங்கே சிம்பனிக் குழுவில் செல்லோ வாசித்து வந்த இளைஞர். 1953-ல் அவரும் அவர் மனைவி ஆலிசும் நண்பர் சிலரும் சேர்ந்து ‘கான்சென்டஸ் மியூசிகஸ்’ என்னும் குழுவை அமைத்தனர். பழைய வாத்தியங்களைத் தேடிச் சேர்த்தனர். குடல் நரம்பு கட்டினர். பழைய வில் பிடிக்கக் கற்றனர். நான்காண்டு உழைப்புக்குப் பின், 1957-ல் தான் பொதுமக்கள் முன் கச்சேரிக்கு வந்தனர். நன்றாக வாசிக்கத் தெரிந்த கலைஞர்கள், தெரிந்ததை ஒதுக்கி வைத்து மீண்டும் மாணவரானார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். இவரும் ஹாலந்து நாட்டு குஸ்தாவ் லியோன்ஹார்ட் (1928–2012) அவர்களும் 1971-ல் தொடங்கி 1989-ல் முடித்த பாக் என்பாரின் திருவழிபாட்டுக் கந்தாத்தாக்களின் இசைத்தட்டு வரிசை உலகெங்கும் பெயர் பெற்றது.

பீபரின் செபமாலைக்கும் இக்காலத்தில்தான் விடிவு பிறந்தது. 1967-ல் வியன்னா வயலின் கலைஞர் எட்வர்டு மெல்குஸ் அதை இசைத்தட்டில் பதிவு செய்தார். அதன்பின் ராய்ன்ஹார்ட் கோபல், ஆண்ட்ரூ மான்ஸ் முதலிய பலர் பதிவு செய்துள்ளனர். இன்று ஐரோப்பாவின் பல ஊர்க் கோவில்களில், தவக்காலத்திலும் செபமாலை மாதமாகிய அக்டோபரிலும் இதை வாசிக்கக் கேட்கலாம்.

கச்சேரியிலே காண்பது

அத்தகைய கச்சேரிக்குச் செல்பவர் முதலில் காண்பது, வயலின் கலைஞர் ஒருவரே நான்கைந்து வயலின்களோடு வந்து அமர்வதாகும். குடல் நரம்பை மாற்றிக் கூட்டினால் அது நிலைகொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே வெவ்வேறு சுருதிகளில் பல வயலின்களை முன்னதாகவே கூட்டி வைத்திருப்பார்கள். இடையிடையே மேடையிலேயே முறுக்காணியைத் திருகுவதும் உண்டு. குடல் நரம்பு உயிருள்ள பொருள் போன்றது. மழை ஈரத்துக்கும் விளக்கின் சூட்டுக்கும் சுருதி விலகும். அதற்கெல்லாம் பொறுமை வேண்டும், கேட்பவருக்கும் வேண்டும்.

அருகே ஹார்ப்சிகார்டோ, சிறிய ஆர்கனோ, தியார்போவோ, காம்பாவோ இருக்கும். இவர்களுக்கு ஏட்டில் கீழ்க் குரலும் சில எண்களுமே எழுதியிருக்கும். எண்கள் காட்டும் குறிப்பைக் கொண்டு மற்றச் சுரங்களை அவரவர் மனோதர்மப்படி நிரப்ப வேண்டும். இதனால் ஒரு கச்சேரியில் கேட்டது மறு கச்சேரியில் அப்படியே இராது. நம் பக்கவாத்தியக்காரரின் கலையை அறிந்தவர்க்கு இதன் அருமை புரியும். சுருதியும் இன்றைய அளவினும் தாழ்ந்திருக்கலாம். 1939-ல் இலண்டனில் கூடிய மாநாடு ஏ சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு என்று வகுத்தது. பழைய வாத்தியக்காரரோ பெரும்பாலும் 415 என்று வைத்துக்கொள்கின்றனர். ஏறத்தாழ அரைச் சுரம் தாழ்வு.

முதலில் கேட்கும்போது, ஓசை சிறிதாயிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சிறிது நேரத்தில் காது அதற்குப் பழகும். கூடத்தில் அமைதி பெருகும். வில்லின் மூச்சும், நரம்பின் கரகரப்பும், விரலின் அசைவும் தெளிவாகக் கேட்கும். அந்த வில் பேசுவதற்கென்று பிறந்தது. நீண்டு முழங்குவதற்கென்று அன்று. முழுச் செபமாலையும் முடிய இரண்டு மணி நேரமாகும். கடைசியில் ஒற்றை வயலின் அந்த நான்கு சுரங்களை அறுபத்தைந்தாம் முறை முடித்து நிற்கும்.

தியானத்துக்குரிய இசையில் சரபாந்த், ஜீக் போன்ற நடனத் தாளங்கள் வருவது சிலருக்கு இடறலாயிருக்கலாம். அக்காலத்து மக்களுக்கு உடலின் அசைவும் செபத்துக்கு அந்நியமானதன்று. கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி நடனமாகவும், பாடுகளின் துயரம் மெதுவான சரபாந்தாகவும் அவர்கள் நெஞ்சில் பதிந்தன. தேரும் கொடியும் சுமந்து செபிக்கும் நம் மக்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு நியாயமான கேள்வி

இவ்வளவு பாடுபட்டுப் பழைய வாத்தியம் செய்தாலும் பழைய காதுகளைச் செய்ய முடியுமா என்று கேட்போர் உண்டு. அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு டாருஸ்கின் (1945–2022) இக்கேள்வியை மிகக் கடுமையாகவே எழுப்பினார். பழைய இசை என்ற பெயரில் வருவது உண்மையில் இக்காலத்தவரின் சுவையே என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஒலிபெருக்கியும் மோட்டார் வண்டியும் கேட்டுப் பழகிய நாம், 1676-ம் ஆண்டில் சால்ஸ்பர்க்கில் முழந்தாளிட்டிருந்தவரின் காதைப் பெற முடியாது.

எனினும் நம் எண்ணம் இது. முள்முடிச் சொனாட்டாவுக்கு நரம்பைப் பஞ்சமம் வரை முறுக்குகிறவன், பழைய காலத்துக்குத் திரும்பிவிடுவதில்லைதான். ஆனால் தன் வசதிக்கேற்ப ஏட்டை வளைப்பதை விட்டு, ஏட்டின் கட்டளைக்குத் தன்னை வளைத்துக்கொள்கிறான். அதன் பயனாக, வேறு எவ்வழியிலும் கேட்க முடியாத ஒன்று கேட்கிறது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் துறவற வாழ்வின் புதுப்பித்தலுக்கு ஊற்றுகளுக்குத் திரும்பும்படி 1965-ல் அறிவுறுத்தியது. அதே சங்கம் 1963-ல் தந்த வழிபாட்டு ஏட்டில், திருச்சபையின் இசைச் செல்வத்தை மிகுந்த கவனத்தோடு காத்து வளர்க்கும்படியும், அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் அளிக்கும்படியும் கட்டளையிட்டது. காப்பதும் வளர்ப்பதும் ஒரே வாக்கியத்தில் வருவதைக் கவனிக்க வேண்டும்.

யூபிலிக்கு எழுந்த இசை

பீபரைப் பற்றிய மற்றொரு செய்தி யூபிலி மலருக்கு மிகவும் ஏற்றது. 1682-ம் ஆண்டில் சால்ஸ்பர்க் திருச்சபை, அன்றைய கணக்குப்படி, தன் ஆயிரத்து நூறாம் ஆண்டு யூபிலியைக் கொண்டாடியது. அந்த விழாவுக்கென எழுந்தது என்று இன்று அறிஞர் கருதும் பூசை இசை ஒன்று உண்டு. பாடகரும் வாத்தியக்காரருமாக ஐம்பத்து மூன்று குரல் பிரிவுகள் கொண்ட மாபெரும் படைப்பு. நான்கு தந்திக்கும் சில செவிகளுக்கும் செபமாலை எழுதிய அதே கை, பேராலயத்தை நிரப்பும் இதையும் எழுதியதென்று இப்போது ஒப்புக்கொள்கின்றனர். ஆனால் நெடுங்காலம் இது உரோமை இசைவாணர் ஒராசியோ பெனவோலி, 1628-ல் நடந்த பேராலய அபிஷேகத்துக்கு எழுதியது என்றே நம்பிவந்தார்கள்.

இதன் ஏடு கிடைத்த வரலாறு கேட்கத் தக்கது. 1870-களில் சால்ஸ்பர்க் நகரத்துக் காய்கறிக் கடைக்காரர் ஒருவர் வீட்டில் அது அகப்பட்டதென்றும், காய்கறி மடித்துக் கொடுக்கும் காகிதமாகப் போக இருந்ததென்றும் சொல்வார்கள். ஒருவர் ஒரு கணம் நின்று, இது என்ன ஏடு என்று புரட்டிப் பார்த்ததால் ஒரு மறைமாவட்டத்தின் யூபிலி இசை நமக்கு மிஞ்சியது.

நம் பங்கிலும் யூபிலிக்கு முன்னே சாமான் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை நடக்கிறது. கறையான் தின்ற பாட்டேடுகள், தவக்காலத்தில் பாட்டனார்கள் இராகம் போட்டு வாசித்த வியாகுலப் பிரசங்கக் கையெழுத்துப் படிகள், துருத்தி கிழிந்த ஆர்மோனியம் ஆகியவை வெளியே வரும். இளைஞர் இயக்கத்தாருக்கும் பாடகர் குழுவினருக்கும் நம் வேண்டுகோள் ஒன்றே. எதையும் குப்பையில் போடுமுன் ஒரு முறை திறந்து பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த முதியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அந்த இராகத்தைப் பாடத் தெரிந்தவர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஏடு மட்டும் பிழைத்து இராகம் போய்விட்டால், நரம்பு மாற்றிக் கட்டத் தெரியாதவன் கையில் பீபரின் ஏடு கிடைத்த கதைதான்.

புதிய கோவிலும் புதிய பாடல்களும் நமக்கு வேண்டும். அவற்றோடு, நமக்கு முன் செபித்தவர்களின் குரலும் இந்தக் கோவிலில் ஒலிக்கட்டும். செபமாலை மாதா நம் பங்குக் குடும்பங்கள் அனைத்தையும் தம் அடைக்கலத்தில் காத்தருள்வாராக!